பாஸ்புக்கை நீங்களே கூட்டிப் பாருங்கள்: வங்கி வரவு செலவுக்கு வேண்டிய கணக்கு

வங்கிக் கணக்கில் பிசகு வருவது பெரும்பாலும் கூட்டத் தெரியாததால் அல்ல. கூட்டலைக் கால்குலேட்டர் பார்த்துக்கொள்ளும். எந்தத் தொகையின் மேல், என்ன விகிதத்தில், எத்தனை நாளைக்கு என்ற மூன்று கேள்விகளில் ஒன்றைக் கேட்காமல் விடும்போதுதான் பணம் கைநழுவுகிறது. வட்டி, அபராதம், தவணை, அட்டை பாக்கி என எதை எடுத்தாலும் இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால் மீதி பள்ளிக்கூடக் கணக்குதான்.

எடுத்துக்காட்டுகளில் நாணயத்தின் பெயரைப் போடவில்லை. ரூபாயோ ரிங்கிட்டோ டாலரோ, கணக்கு ஒன்றுதான். விகிதங்களும் கணக்குப் போட்டுக் காட்டுவதற்காக எடுத்துக்கொண்டவை. உங்கள் வங்கியின் விகிதத்தை அந்த இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கால்குலேட்டரைத் தொடும் முன்

பெரிய தொகையில் முதலில் இடறுவது காற்புள்ளி. 1,00,000 என்பதும் 100,000 என்பதும் ஒரே லட்சம்தான். லட்சத்துக்கு ஐந்து பூஜ்யம், மில்லியனுக்கு ஆறு, கோடிக்கு ஏழு. பத்து லட்சம் ஒரு மில்லியன். வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் படிவத்தில் காற்புள்ளியைப் பார்த்துத் தொகையைப் படிக்காதீர்கள். வலமிருந்து இலக்கங்களை எண்ணிப் படியுங்கள். எழுத்தாலும் எழுதச் சொல்வது இந்தக் குழப்பத்துக்காகவும்தான்.

இரண்டாவது, கால்குலேட்டர்கள் எல்லாம் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. 2 + 3 × 4 என்று தட்டிப் பாருங்கள். மேசைமேல் இருக்கும் சாதாரணக் கால்குலேட்டர் வந்த வரிசையிலேயே போட்டு 20 காட்டும். பெரும்பாலான கைபேசிகள் பெருக்கலை முதலில் முடித்து 14 காட்டும். சதவீதப் பொத்தானும் அப்படித்தான், கருவிக்குக் கருவி மாறும். அதைத் தொடாமல் இருப்பதே நல்லது: 7 சதவீதம் வேண்டுமென்றால் × 0.07 என்று போடுங்கள்.

இருப்பிலிருந்து கழிக்கும்போது கடன் வாங்கிக் கழிப்பதைவிட ஒரு சுருக்கு வழி இருக்கிறது. 10,000-லிருந்து 3,768 போக எவ்வளவு? கடைசி இலக்கத்தைப் பத்திலிருந்தும் மற்றவற்றை ஒன்பதிலிருந்தும் கழியுங்கள்: 6, 2, 3, 2. விடை 6,232. தொகை பூஜ்யத்தில் முடிந்தால், கடைசியில் இருக்கும் பூஜ்யமல்லாத இலக்கத்தைப் பத்திலிருந்து கழித்து, பூஜ்யத்தை அப்படியே விட வேண்டும். 10,000-லிருந்து 3,760 போனால் 6,240.

எந்தக் கணக்கையும் தட்டுவதற்கு முன் தோராயமாக ஒரு விடையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 48,000-க்கு ஏழேகால் சதவீதம் என்றால், பத்து சதவீதமே 4,800தான். ஆகவே விடை அதற்குள் இருக்க வேண்டும். திரையில் 34,800 வந்தால் புள்ளி இடம் மாறிவிட்டது என்று உடனே தெரிந்துவிடும்.

உங்கள் கணக்கும் வங்கியின் கணக்கும்

ஒரு நோட்டோ கைபேசியில் ஒரு தாளோ போதும். தேதி, விவரம், வரவு, பற்று, இருப்பு என்று ஐந்து கட்டம். ஒவ்வொரு வரியிலும் முந்தைய இருப்போடு வரவைக் கூட்டி, பற்றைக் கழித்துப் புதிய இருப்பை எழுத வேண்டும். காசோலை கொடுத்தால் அது பணமாகும் நாளில் அல்ல, கொடுத்த அன்றே கழித்துவிட வேண்டும். தானாகப் பிடிக்கப்படும் தவணை, சந்தா, காப்பீட்டுத் தொகை ஆகியவற்றை மாதம் பிறந்ததுமே அந்தந்தத் தேதியில் எழுதி வைத்துவிடுங்கள். ஏடிஎம் திரையில் 9,000 இருப்பு காட்டலாம். நாளை மறுநாள் 7,500 தவணை போகிறது என்றால் உங்கள் கையில் இருப்பது 1,500தான். இது தெரியாமல் எடுத்துச் செலவழித்து, தவணை திரும்பிப்போய், அதற்கு வங்கி ஒரு அபராதமும் கடன் கொடுத்தவர் ஒரு அபராதமும் போடுவது சாதாரணமாக நடக்கிறது.

மாத முடிவில் ஸ்டேட்மென்ட்டோடு ஒத்துப்பார்க்கும் வேலை. இரண்டு இருப்பும் நேராக ஒத்துப்போகும் என்று எதிர்பார்க்கக் கூடாது. இரு பக்கமும் விடுபட்டதைச் சேர்த்த பிறகே ஒத்துப்போகும். எப்படி என்று பாருங்கள்.

ஸ்டேட்மென்ட்டில் இருப்பு 25,085. உங்கள் நோட்டில் 23,615. முதலில் வங்கியின் பக்கம்: நீங்கள் கொடுத்த 3,000 காசோலை இன்னும் வங்கிக்கு வரவில்லை, அதைக் கழியுங்கள். நீங்கள் போட்ட 1,800 காசோலை இன்னும் வரவாகவில்லை, அதைக் கூட்டுங்கள். 25,085 − 3,000 + 1,800 = 23,885.

அடுத்து உங்கள் பக்கம்: வங்கி பிடித்த 120 கட்டணம் நோட்டில் இல்லை, கழியுங்கள். வங்கி போட்ட 210 வட்டியும் நோட்டில் இல்லை, கூட்டுங்கள். 23,615 − 120 + 210 = 23,705.

இன்னும் 180 இடிக்கிறது. இங்கேதான் பலர் நோட்டை மூடிவிடுவார்கள், அல்லது முதல் வரியிலிருந்து எல்லாவற்றையும் திரும்பக் கூட்டத் தொடங்குவார்கள். இரண்டும் வேண்டாம். அந்த வித்தியாசமே எங்கே தேடுவது என்று சொல்லிவிடும். நான்கு சோதனைகளை இந்த வரிசையில் செய்யுங்கள்.

வித்தியாசத் தொகையே ஒரு பதிவாக எங்காவது இருக்கிறதா? இருந்தால் அதை ஒரு பக்கம் எழுதாமல் விட்டிருக்கிறீர்கள், அல்லது இரண்டு முறை எழுதியிருக்கிறீர்கள். 180 என்று ஒரு பதிவும் இல்லையென்றால் அடுத்தது: பாதித் தொகை இருக்கிறதா? 90 என்ற பதிவு இருந்தால், கழிக்க வேண்டியதைக் கூட்டியிருக்கலாம். பக்கம் மாறினால் வித்தியாசம் இரட்டிப்பாகும். அதுவும் இல்லையென்றால் ஒன்பதால் வகுத்துப் பாருங்கள். மீதியில்லாமல் வகுபட்டால் இரண்டில் ஒன்று நடந்திருக்க வாய்ப்பு அதிகம். ஒரு பூஜ்யம் கூடியிருக்கலாம்: 180 ÷ 9 = 20, ஆகவே 20-ஐ 200 என்று எழுதினீர்களா என்று தேடுங்கள். அல்லது பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம்: நூறும் பத்தும் இடம் மாறினால் வித்தியாசம் எப்போதும் 90-இன் மடங்காக வரும். 180 ÷ 90 = 2. நூறாம் இடத்துக்கும் பத்தாம் இடத்துக்கும் இரண்டு வித்தியாசம் உள்ள பதிவுகளை மட்டும் பார்த்தால் போதும். ஸ்டேட்மென்ட்டில் 570 பற்று, நோட்டில் அதை 750 என்று எழுதியிருக்கிறது. 180 கூடுதலாகக் கழித்துவிட்டீர்கள். திருத்தினால் 23,885. இரண்டு பக்கமும் சரியாகிவிட்டது.

ஒன்றும் இரண்டும் போன்ற சின்ன வித்தியாசம் வந்தால் அது பதிவுப் பிழையாக இருப்பது அரிது. கூட்டலில் ஒன்று ஏற்றாமல் விட்டதாகவோ, சில்லறையை முழுமையாக்கியதாகவோ இருக்கும். நெடுவரிசையைக் கீழிருந்து மேலே கூட்டிப் பாருங்கள். மேலிருந்து மறுபடி கூட்டினால் கண் அதே இடத்தில் அதே தவறைச் செய்யும்.

நோட்டு எண்ணிக் கட்டுவது பற்றி ஒரு பத்தி போதும். தாளின் மதிப்பு × எண்ணிக்கை என்று தனித்தனி வரியாக எழுதிக் கூட்டுங்கள்: 500 × 17 = 8,500; 200 × 9 = 1,800; 100 × 23 = 2,300; 50 × 6 = 300; மொத்தம் 12,900. கூடவே மொத்தத் தாள்களையும் எழுதி வையுங்கள்: 17 + 9 + 23 + 6 = 55. கவுன்ட்டரில் தொகை இடித்தால், தாள் எண்ணிக்கை 55 இருக்கிறதா என்று முதலில் பார்க்கலாம். எண்ணிக்கை சரியாக இருந்தும் தொகை தவறினால், ஒரு மதிப்புத் தாள் வேறு கட்டில் கலந்திருக்கிறது.

சராசரி இருப்பு

குறைந்தபட்ச இருப்பு என்று வங்கி சொல்வதில் இரண்டு வகை உண்டு. ஒரு நாள்கூடக் குறையக் கூடாது என்பது ஒன்று. மாதச் சராசரி குறையக் கூடாது என்பது மற்றொன்று. உங்களுடையது எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் இரண்டாவது வகையில் குறைந்ததை மாதத்துக்குள்ளேயே ஈடுகட்டிவிடலாம்.

சராசரி என்பது ஒவ்வொரு நாள் முடிவிலும் இருந்த இருப்பைக் கூட்டி, மாதத்தின் நாட்களால் வகுப்பது. முப்பது நாள் மாதத்தில் 5,000 சராசரி வேண்டுமென்றால், நாள் இருப்புகளின் கூட்டுத்தொகை 1,50,000 ஆக வேண்டும். முதல் இருபது நாளும் 2,000தான் இருந்தது என்றால் 40,000 சேர்ந்திருக்கிறது. மீதி 1,10,000-ஐப் பத்து நாளில் சேர்க்க வேண்டும். நாளொன்றுக்கு 11,000 இருப்பு வேண்டும். இதையே 27-ஆம் தேதிவரை கவனிக்காமல் விட்டால் சேர்ந்தது 54,000, பாக்கி 96,000, மூன்று நாளுக்கும் தலா 32,000 வைக்க வேண்டியிருக்கும். மாதக் கடைசியில் 3,000 போட்டு 5,000 ஆக்கிவிட்டேனே, ஏன் அபராதம் என்று கேட்பவர்களுக்கான பதில் இந்தக் கணக்கில் இருக்கிறது. இருபதாம் தேதி வாக்கில் ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது.

சதவீதம், மனக்கணக்காக

ஒரு சதவீதம் என்றால் புள்ளியை இரண்டு இடம் இடப்பக்கம் நகர்த்துவது. பத்து சதவீதம் என்றால் ஒரு இடம். மற்றதெல்லாம் இவற்றிலிருந்து வரும். 48,000-க்கு 7.25 சதவீதம்: ஒரு சதவீதம் 480, ஏழு சதவீதம் 3,360, கால் சதவீதம் 120, ஆக மொத்தம் 3,480. 350-க்கு 18 சதவீதம்: இருபது சதவீதம் 70, அதிலிருந்து இரண்டு சதவீதமான 7 போக 63. திருப்பிப் போட்டால் சுலபமாகும் கணக்குகளும் உண்டு. 50-க்கு 18 சதவீதமும் 18-க்கு 50 சதவீதமும் ஒன்றுதான், 9.

வரி சேர்த்து 550 பிடித்தார்கள், வரி 10 சதவீதம், அசல் கட்டணம் எவ்வளவு? 550-லிருந்து பத்து சதவீதம் கழித்து 495 என்பது தவறு. வரி போட்டது 550-இன் மேல் அல்ல, அதற்கு முந்தைய தொகையின் மேல். 550 ÷ 1.10 = 500 என்பதே சரி. எதன் மேல் சதவீதம் என்ற கேள்வி இங்கே முதல் முறையாக வேலை செய்கிறது. கடன் பகுதியில் இன்னும் பெரிதாக வரும்.

வட்டி விகிதம் 8-லிருந்து 9 ஆனால் ஒரு சதவீதம் கூடியது என்பார்கள். விகிதம் கூடியது ஒரு சதவீதப் புள்ளி. வட்டிச் செலவு கூடியதோ எட்டில் ஒரு பங்கு, அதாவது 12.5 சதவீதம். செய்திகளில் வரும் 25 அடிப்படைப் புள்ளி என்பது 0.25 சதவீதம்.

போட்ட பணத்துக்கு வட்டி

சேமிப்புக் கணக்கில் பல வங்கிகள் தினசரி இருப்பின் மேல் வட்டி கணக்கிடுகின்றன. அதற்கு ஒரே வாய்ப்பாடு:

தொகை × ஆண்டு விகிதம் × நாட்கள் ÷ 36,500

36,500 எப்படி வந்தது என்றால், சதவீதத்துக்கு நூறு, ஆண்டுக்கு 365 நாள். சில நாடுகளிலும் சில வகைக் கணக்குகளிலும் ஆண்டுக்கு 360 நாள் என்று எடுப்பார்கள். அப்போது 36,000-ஆல் வகுக்க வேண்டும், வட்டி கொஞ்சம் கூடும். உங்கள் விடைக்கும் வங்கியின் விடைக்கும் சிறு வித்தியாசம் வந்தால் முதலில் இதைப் பாருங்கள்.

இருப்பு மாறிக்கொண்டே இருக்கும்போது ஒவ்வொரு நாளுக்கும் தனியாக வட்டி போட வேண்டியதில்லை. தொகையை அது இருந்த நாட்களால் பெருக்கிக் கூட்டிவிட்டு, கடைசியில் ஒரே முறை வட்டி போடலாம். முப்பது நாளில் 12 நாள் 10,000, 10 நாள் 25,000, 8 நாள் 8,000 இருந்தது என்றால்: 1,20,000 + 2,50,000 + 64,000 = 4,34,000. ஆண்டு வட்டி 3 சதவீதம். 4,34,000 × 3 ÷ 36,500 = 35.67.

நாள் எண்ணுவதில் ஒரு விதி: முதல் நாள், கடைசி நாள் இரண்டில் ஒன்றைத்தான் சேர்க்க வேண்டும். மார்ச் 10 முதல் ஏப்ரல் 25 வரை என்றால், மார்ச்சில் 31 − 10 = 21, ஏப்ரலில் 25, ஆக 46 நாள். இரண்டு நாளையும் சேர்த்து 47 என்று எண்ணுவதும், மாதம் என்றாலே முப்பது என்று கொள்வதும் அடிக்கடி வரும் தவறுகள்.

வைப்புத் தொகையில் வட்டி எத்தனை மாதத்துக்கு ஒருமுறை அசலோடு சேர்கிறது என்று பாருங்கள். ஒரு லட்சம், 7 சதவீதம், காலாண்டுக்கு ஒருமுறை சேர்ப்பு என்றால், ஒரு காலாண்டுக்கு 7 ÷ 4 = 1.75 சதவீதம். 1.0175-ஐ நான்கு முறை பெருக்கினால் 1.07186. ஓராண்டில் 1,07,186, அதாவது உண்மையான ஆண்டு விளைச்சல் 7.19 சதவீதம். தனி வட்டியைவிட 186தான் அதிகம், பெரிதாகத் தெரியாது. ஐந்து ஆண்டு விட்டுவைத்தால் இருபது காலாண்டு. தொகை 1,41,478 ஆகும். தனி வட்டியில் 1,35,000தான். காலம் நீள நீளத்தான் வட்டிக்கு வட்டி வேலை செய்யும்.

பணம் எத்தனை ஆண்டில் இரட்டிப்பாகும் என்பதற்கு 72-ஐ விகிதத்தால் வகுத்தால் போதும். 8 சதவீதத்தில் 72 ÷ 8 = 9 ஆண்டு. யாராவது மூன்றே ஆண்டில் இரட்டிப்பு என்றால், 72 ÷ 3 = 24; ஆண்டுக்கு 24 சதவீதத்துக்கு மேல் தருகிறேன் என்கிறார் என்று பொருள். (உயர்ந்த விகிதங்களில் இந்த வழி கொஞ்சம் குறைத்துக் காட்டும், மூன்றாண்டு இரட்டிப்புக்கு உண்மையில் 26 சதவீதம் வேண்டும்.) அதற்கு மேல் என்ன கேட்க வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும்.

ஆர்டி என்கிற தொடர் வைப்பில் பலருக்கும் ஒரு ஏமாற்றம் உண்டு. மாதம் 2,000, பன்னிரண்டு மாதம், 6 சதவீதம். மொத்தம் கட்டியது 24,000, அதற்கு 6 சதவீதம் 1,440 வரும் என்று காத்திருப்பார்கள். வங்கி ஏறக்குறைய பாதிதான் தரும். வங்கி ஏமாற்றவில்லை. முதல் தவணைதான் பன்னிரண்டு மாதமும் வங்கியில் இருந்தது. கடைசித் தவணை ஒரே மாதம்தான் இருந்தது. 12 + 11 + 10 என்று ஒன்றுவரை கூட்டினால் 78. ஆகவே 2,000 × 78 × 6 ÷ 1,200 = 780. காலாண்டு வட்டிச் சேர்ப்பு இருந்தால் இன்னும் சிறிதளவு கூடும். 78 வருவதற்குக் குறுக்கு வழி: மாதங்கள் × (மாதங்கள் + 1) ÷ 2.

கடன்: இங்கேதான் நின்று கணக்குப் போட வேண்டும்

இரண்டு கடைகளில் ஒரே கடன். ஒரு லட்சம், பன்னிரண்டு மாதம், இரண்டிலும் 12 சதவீதம் என்றே எழுதியிருக்கிறது. ஒன்றில் மாதத் தவணை 9,333, மற்றதில் 8,885. விகிதம் ஒன்றாக இருந்தும் தவணை ஏன் மாறுகிறது?

முதலாவது ஃபிளாட் வட்டி. ஒரு லட்சத்துக்கு ஓராண்டு வட்டி 12,000. இரண்டையும் கூட்டி 1,12,000. பன்னிரண்டால் வகுத்தால் 9,333.33. நீங்கள் பதினொரு தவணை கட்டிய பிறகும், கடைசி மாதத்தில்கூட ஒரு லட்சத்துக்கே வட்டி கட்டுகிறீர்கள். ஆனால் உங்கள் கையில் அப்போது ஒரு லட்சம் இல்லை. ஆண்டு முழுவதையும் சராசரியாகப் பார்த்தால் கடன் தொகையில் பாதிக்குச் சற்று மேல்தான் உங்களிடம் இருந்திருக்கிறது. அதனால் இந்தக் கடனின் உண்மை விகிதம் 12 அல்ல, ஏறக்குறைய 21.5 சதவீதம். மனக்கணக்காகப் பார்க்க: விகிதம் × 2 × தவணை எண்ணிக்கை ÷ (தவணை எண்ணிக்கை + 1). இங்கே 12 × 24 ÷ 13 = 22.15. கொஞ்சம் கூட்டிக் காட்டும். ஆனாலும் கடையில் நின்றபடி முடிவெடுக்க இது போதும்.

இரண்டாவது, குறையும் இருப்பின் மேல் வட்டி. ஒவ்வொரு மாதமும் மீதியிருக்கும் அசலுக்கு மட்டும் வட்டி. தவணையைக் கண்டுபிடிக்கும் படிகள்:

1. மாத விகிதம்: 12 ÷ 1,200 = 0.01.
2. ஒன்றைக் கூட்டி, மாத எண்ணிக்கைக்கு அதைப் பெருக்கிக்கொண்டே போங்கள்: 1.01-ஐப் பன்னிரண்டு முறை பெருக்கினால் 1.126825.
3. ஒன்றை அதனால் வகுங்கள்: 0.887449.
4. ஒன்றிலிருந்து அதைக் கழியுங்கள்: 0.112551.
5. மாத விகிதத்தை அதனால் வகுத்து, கடன் தொகையால் பெருக்குங்கள்: 8,884.88.

இடையில் இலக்கங்களை வெட்டக் கூடாது. மூன்றாம் படியில் 0.8874 என்று நிறுத்திவிட்டால் விடை 8,881 ஆகிவிடும். முழுமையாக்குவதைக் கடைசியில் ஒருமுறை மட்டும் செய்யுங்கள்.

தவணை தெரிந்துவிட்டால் மாதா மாதம் பிரிப்பது எளிது. முதல் மாதம்: வட்டி 1,00,000 × 0.01 = 1,000. தவணையில் மீதி 7,884.88 அசலுக்குப் போகும். பாக்கி 92,115.12. இரண்டாம் மாதம்: வட்டி 921.15, அசலுக்கு 7,963.73, பாக்கி 84,151.39. மூன்றாம் மாதம்: வட்டி 841.51, அசலுக்கு 8,043.37, பாக்கி 76,108.02. இப்படியே கடைசிவரை போனால் பாக்கி பூஜ்யத்துக்கு வர வேண்டும். ஓரிரண்டு சில்லறை இடித்தால் பரவாயில்லை. பெரிதாக இடித்தால், வங்கி செயலாக்கக் கட்டணத்தையோ காப்பீட்டையோ கடனோடு சேர்த்திருக்கிறதா என்று கேளுங்கள்.

இந்தப் பட்டியல் கையில் இருந்தால் முன்கூட்டியே ஒரு தொகை கட்டலாமா என்ற கேள்விக்கும் விடை கிடைக்கும். மூன்றாம் தவணைக்குப் பிறகு உங்களிடம் 20,000 இருக்கிறது. கட்டாவிட்டால் மீதி ஒன்பது தவணையில் போகும் வட்டி: 9 × 8,884.88 − 76,108.02 = 3,855.90. கட்டினால் பாக்கி 56,108.02 ஆகும். தவணையை மாற்றாமல் தொடர்ந்தால் ஆறு முழுத் தவணையும், ஏழாவதாக 4,948.87-உம் கட்டிக் கடன் முடியும். போகும் வட்டி 2,150.13. மிச்சம் 1,705.77. முன்கூட்டிக் கட்டுவதற்கு வங்கி 2 சதவீதம் கட்டணம் போட்டால் 400 போய், மிச்சம் 1,305.77. இந்தத் தொகையை, அதே 20,000-ஐ அதே காலத்துக்கு வைப்பில் போட்டால் வரும் வட்டியோடு ஒப்பிடுங்கள். முன்பணம் கட்டும்போது தவணைத் தொகையைக் குறைக்கவா, தவணை எண்ணிக்கையைக் குறைக்கவா என்று கேட்பார்கள். வட்டி அதிகம் மிச்சமாவது எண்ணிக்கையைக் குறைத்தால்தான். மாதச் செலவு நெருக்கினால் மட்டும் மற்றதைத் தேர்ந்தெடுங்கள்.

கிரெடிட் கார்டில் குறைந்தபட்சம் கட்டினால்

பாக்கி 20,000. குறைந்தபட்சம் 5 சதவீதம் கட்டலாம் என்கிறது பில், 1,000 கட்டுகிறீர்கள். மீதி 19,000-க்கு மாதம் 3 சதவீதம் வட்டி 570. அடுத்த பில்லில் பாக்கி 19,570. நீங்கள் கட்டிய ஆயிரத்தில் கடனைக் குறைத்தது 430 மட்டுமே. இதுவும் புதிதாக எதுவும் வாங்காமல் இருந்தால்தான். பெரும்பாலான அட்டைகளில் பாக்கி வைத்துவிட்டால் புதிதாக வாங்குவதற்கும் வட்டியில்லாக் காலம் கிடைக்காது, வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும்.

மாதம் 3 சதவீதம் என்பது சின்ன எண்ணாகத் தோன்றும். பன்னிரண்டால் பெருக்கினால் 36. வட்டிக்கு வட்டி சேர்த்தால், 1.03-ஐப் பன்னிரண்டு முறை பெருக்க 1.4258, அதாவது ஆண்டுக்கு 42.6 சதவீதம். சேமிப்பில் 3 சதவீத ஆண்டு வட்டிக்குப் பணத்தை வைத்துக்கொண்டு அட்டையில் பாக்கியும் வைத்திருந்தால், முதல் வேலையாக அதை எடுத்து இதைக் கட்டுங்கள்.

கட்டணமும் நாணய மாற்றமும்

நிலையான கட்டணத்தை எப்போதும் சதவீதமாக மாற்றிப் பாருங்கள். ஒருமுறை பணம் எடுக்க 20 பிடித்தால், 500 எடுக்கும்போது அது 4 சதவீதம், 10,000 எடுக்கும்போது 0.2 சதவீதம்.

நாணயம் மாற்றும் இடத்தில் இரண்டு விலை இருக்கும். அவர்கள் உங்களுக்கு விற்கும் விலை, உங்களிடமிருந்து வாங்கும் விலை. எதைப் பார்ப்பது என்று குழம்பினால், உங்களுக்கு எது நஷ்டமோ அதுவே உங்களுக்கான விலை. வெளிநாட்டு நாணயம் ஒன்றுக்கு விற்பது 83.40, வாங்குவது 81.20 என்று வைத்துக்கொள்வோம். 50,000 கொடுத்தால் 50,000 ÷ 83.40 = 599.52 கிடைக்கும். பயணம் ரத்தாகி அப்படியே திருப்பிக் கொடுத்தால் 599.52 × 81.20 = 48,681. போனது 1,319, அதாவது 2.6 சதவீதம். இதை முன்கூட்டியே பார்க்க, இரண்டு விலைக்கும் உள்ள வித்தியாசத்தை விற்கும் விலையால் வகுத்தால் போதும்: 2.20 ÷ 83.40. வகுப்பதா பெருக்குவதா என்ற சந்தேகம் வந்தால், மதிப்பு அதிகமான நாணயம் எண்ணிக்கையில் குறைவாக வர வேண்டும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கமிஷன் இல்லை என்று பலகை சொல்லும் இடத்தில் இந்த வகுத்தலைப் போட்டுவிட்டு, பக்கத்து இடத்திலும் போட்டுப் பார்த்து, சதவீதம் குறைவாக வரும் இடத்தில் மாற்றுங்கள்.